ஊர் கூடி எழுப்பிய ஆஸ்பத்திரி

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகக் காட்டுக்குள் போனால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு விரிகிறது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் பூமி. புதிதாக ஒரு மருத்துவமனை கட்ட நினைக்கும் யாரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது என்பேன்.

1990களின் தொடக்கத்தில் இங்கே காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்க ஏறக்குறைய 48 கிலோமீட்டர் போக வேண்டும். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டிய நிலை என்றால் 100 கிலோமீட்டருக்கும் மேல். பஸ்ஸோ எப்போதாவது வரும். நள்ளிரவில் தலைப்பிரசவக்காரிக்கு வலி கண்டால், வீட்டில் இருக்கும் மூத்த பெண்களின் கைதான் துணை. அதையும் மீறிச் சிக்கலானால் ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஏழு தொட்டில் கட்டினால் ஒன்று வெறுந்தொட்டிலாகிவிடும். ‘பிள்ளை தங்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் அளவுக்கு அந்தச் சாவுகள் பழகிப்போயிருந்தன.

1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி இங்கே குடிவந்தார்கள். ஆலப்புழையில் மருத்துவம் படித்து, காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். கையில் பெரிய பணமில்லை, கட்டடம் கட்டச் சொந்த நிலமுமில்லை. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி, புறம்போக்கு நிலத்தில் மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் முதல் ஆஸ்பத்திரி அதுதான். ஒரு மர பெஞ்சு, 100 வாட் பல்பு ஒன்று. அந்த வெளிச்சத்தில்தான் பிரசவம் பார்த்தார்கள், சிறு அறுவை சிகிச்சைகளும் செய்தார்கள். மூன்றாண்டுகள் அப்படியே ஓடின.

அந்தக் குடிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூங்கில் எங்கே வெட்டுவது, வாசலை எந்தத் திசையில் வைப்பது என்று யோசித்தவர்கள் அதில் படுக்கப்போகும் நோயாளிகளின் அண்ணன் தம்பிகள். தன் கையால் வேய்ந்த கூரைக்குக் கீழே போக யாருக்கும் கூச்சம் இருக்காது. 1996இல் பத்துப் படுக்கைகளோடு நிலையான கட்டடம் வந்தபோது, மக்கள் அதற்குள் அந்நியராக நுழையவில்லை.

வேலைக்கு ஆள் எடுத்ததிலும் அதே வழிதான். நகரத்திலிருந்து நர்ஸ் வந்தால் இந்த மலையில் எத்தனை மாதம் நிற்பார்? பள்ளிப்படிப்போடு நின்றிருந்த உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுப்பது என அத்தனையும் கற்றுக்கொண்டார்கள். ஊர்களோ தங்களுக்குள் நம்பிக்கையான மூத்த பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. கர்ப்பிணி யார், எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லை என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்தான். குழந்தைச் சாவு குறைந்ததில் கட்டடத்துக்கு உள்ள பங்கைவிட இந்தப் பெண்கள் வீடுவீடாக நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

பத்தாண்டு நிறைந்த வேளையில் மருத்துவமனைக்காரர்கள் ஊர் ஊராக நடந்து போய், ‘உங்களுக்கு இனி என்ன வேண்டும்’ என்று கேட்டார்கள். மக்கள் பேசியது விவசாயத்தைப் பற்றி. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் ஏறுகிறது, மழை பொய்த்தால் திருப்பூருக்குப் பிழைக்கப் போக வேண்டியிருக்கிறது என்றார்கள். வீட்டில் சோறு குறைந்தால் நோய் வரும் என்று மருத்துவர்களுக்கு ஊர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதிலிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் மறுபடி வயலுக்கு வந்தன. லம்பாடிப் பெண்களின் தையல் கலைக்கு ‘பொர்கை’ என்ற அமைப்பு உருவானது.

இன்று அங்கே 35 படுக்கைகள், ஆபரேஷன் தியேட்டர், பரிசோதனைக் கூடம், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. குழந்தை இறப்பு 1,000க்கு 20 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பிரசவத்தில் தாய் இறப்பது அரிதிலும் அரிது. பணியாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள். உள்ளே நுழைகிற கிழவியை ‘வா ஆயா’ என்று கூப்பிட்டுக் கையைப் பிடிக்கிறவள் பக்கத்து ஊர்ப் பெண். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், இந்த மருத்துவமனையில் பணியாற்றிய மாதேஸ்வரி ஊராட்சித் தலைவரானார்.

இதை எழுதும்போது என் மனக்கண்ணில் வேறொரு காட்சி வருகிறது. பெரும் செலவில் கட்டிய ஒரு புதிய பிரசவ வார்டு. பளிங்குபோல் தரை. ஆனால் கர்ப்பிணியோடு வந்த அம்மாவும் அத்தையும் பாட்டியும் உட்கார இடமில்லாமல், தூக்குவாளியோடு வண்டி நிறுத்துமிடத்தில் குந்தியிருந்தார்கள். ஒரு பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு பேர் வருவார்கள் என்பது நம் ஊரில் எந்தப் பாட்டிக்கும் தெரியும். வரைபடம் போட்டவர் ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் அங்கே ஒரு திண்ணை வந்திருக்கும்.

உங்கள் வட்டாரத்துக்குப் புதிய மருத்துவமனையோ கூடுதல் கட்டடமோ வரப்போகிறது என்று செய்தி வந்தால், அடிக்கல் நாட்டும் வரை காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. வரைபடத்தை அங்கே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பஸ் எங்கே நிற்கும், உடன் வருபவர் எங்கே படுப்பார், இரவில் யார் இருப்பார் என்று கேளுங்கள். பிள்ளை பெற்ற பெண்களையும் வயதானவர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அவர்கள் சொல்வதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.