பிரார்த்தனையால் வந்த பிரஜாவுரிமை

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை என ஊவா மலைச்சாரலில் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் தமிழ் மக்கள் தனிநாடு கேட்டவர்களல்லர். பிறந்து உழைத்த மண்ணிலேயே பிரஜைகளாக வாழும் உரிமையையே அவர்கள் வேண்டி நின்றனர். எனினும் இனப்போரின் தீ அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என, ஆடுமாடுகளைப் பிரிப்பதுபோல் பிரித்தது.

1976இல் வட்டுக்கோட்டையில் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியது. தமிழர் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராயிருந்தும், சௌமியமூர்த்தி தொண்டமான் அக்கோரிக்கையில் சேரவில்லை. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டங்களுக்கு எல்லைக்கோடு கிழிப்பது எங்ஙனம்? இதனைக் கோழைத்தனமென்று எவரேனும் கூறுவராயின் நாம் அதற்கு உடன்படோம்.

1983 ஜூலையில் கொழும்பில் மூண்ட கலவரம் 27ஆம் திகதி பதுளையை எட்டியது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிருக்கஞ்சி வன்னிக்குப் பெயர்ந்த மலையகக் குடும்பங்கள், அங்கே போரின் நடுவில் அகப்பட்டுக்கொண்டன.

தோட்டங்களில் எஞ்சியவர்கள் என்ன செய்தனர்? 1986 தைப்பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கமொன்றைத் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குச் செல்லவேண்டியவர்கள் கோயில்களில் கூடி வழிபட்டனர். கொழுந்துக் கூடைகள் லயங்களில் கிடந்தன. வேலைநிறுத்தமென்றால் அடக்கச் சட்டமுண்டு. சாமி கும்பிடுபவரை அடக்குவது எச்சட்டத்தால்? அரசாங்கம் இணங்கியது. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டும் அங்கே செல்ல விண்ணப்பிக்காத 94,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிட்டிற்று. 1988இல் வந்த மற்றொரு சட்டம், சத்தியக் கடதாசியையே போதிய சான்றாக ஏற்றது. ஒரு துப்பாக்கியும் வெடியாமல் பெற்ற வெற்றி இது!

ஆயினும் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் ஒரு கும்பல் புகுந்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுத்தாரில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. 2005க்குள் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

அதே 2003இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், எஞ்சிய நாடற்றோர்க்கும் பிரஜாவுரிமை வழங்கியது. வாக்குச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களுள் மிகப் பலர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும், அதன் முன்னுள்ள கையகல நிலமும் இன்னும் தோட்டத்துக்கே சொந்தம்.