தறி நனையாத இடம் வேண்டும்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில், அடையாற்றை ஒட்டி இருக்கிறது அனகாபுத்தூர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் இணைந்த ஐந்து நகராட்சிகளில் இதுவும் ஒன்று. பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கு இது இன்னொரு நெரிசலான புறநகர், அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்த ஊர்த் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி, 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. பெயர்தான் கைக்குட்டை. நைஜீரியாவில் அதை இடுப்பில் உடுத்தினார்கள், திருமணத்திலும் சாவிலும் மரியாதைத் துணியாக வைத்தார்கள். 1970களில் நைஜீரியா துணி இறக்குமதியைத் தடுத்ததும் இங்கே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

மிஞ்சியவர்கள் பிழைக்க வழி தேடியபோது கையில் கிடைத்தது நார். முதலில் சணல், பிறகு வாழை, அதன் பிறகு அன்னாசி, கற்றாழை, மூங்கில் என்று பட்டியல் நீண்டது. அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தை நடத்திவரும் சி. சேகரும் அவரோடு இருந்தவர்களும் 25 வகை இயற்கை நார்களை ஒரே சேலையில் சேர்த்து நெய்தார்கள். அது லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரைக் கவனிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தச் சாதனை அல்ல, வாழைத்தண்டு. வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். தாரை வெட்டியதும் மரத்தையும் சாய்த்துவிட வேண்டும். தண்டு கொஞ்சம் சமையலுக்குப் போகும், நார் கொஞ்சம் பூக்கட்டுகிறவர்களிடம் போகும், மீதியெல்லாம் வரப்போரம் கிடந்து அழுகும். அந்த மட்டையைச் சீவி எடுக்கும் நாருக்கென்று தனி நிலம் வேண்டாம், தனியாகத் தண்ணீர் பாய்ச்சவும் வேண்டாம். ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பயிரில் தொடங்கிச் சாயம் வரை உலகச் சராசரியாகச் செலவாகும் நீர் சுமார் 10,000 லிட்டர். பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது, துவைக்கத் துவைக்க நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைக் கழிவுநீரில் விடுகிறது. கைத்தறிக்கோ மின்சாரமே தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. வேலியில் வளரும் கற்றாழைக்கு விலை கிடைத்தால், உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட விவசாயிக்கு அவசரம் இருக்காது. அந்த வேலியில்தான் ஓணானும் கீரியும் தேனீயும் குடியிருக்கின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது. நெய்து பார்த்தால் தெரியும் சிரமம். வாழைநார் பஞ்சுபோல் நூற்கும் சரக்கல்ல. மட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நாரும். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டும். காய்ந்தால் ஒடியும், அதனால் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீளவாக்கில் இழுவை தாங்கும் பாவுக்குப் பருத்தியோ பட்டோதான் பெரும்பாலும் சரிப்படும், நார் குறுக்கே ஊடையாக ஓடும். விசைத்தறி வேகத்துக்கு இது சுலபத்தில் ஒத்துவராது. கைவேலையாகவே இது மிஞ்சியிருப்பதற்கும், விலை கூடுவதற்கும் அதுவே காரணம்.

'வாழைநார்ப் பட்டு' என்று இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் சேலைகளில் பெரும்பாலானவை வாழைத்தோப்புப் பக்கமே போகாதவை. ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். தாவர நார் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

இந்தத் தொழில் சூழலைக் காக்கும் என்று மேடையில் பேசுகிறோம். அந்தச் சூழலிடம் முதலில் அடி வாங்குகிறவர் நெசவாளர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். தீபாவளியும் பொங்கலும் துணி விற்கும் காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே காலம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வெயில் வேண்டும். மழை வந்தால் வேலை நின்றுவிடும். குழித்தறி என்றால் இன்னும் மோசம், நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் பள்ளத்தில்தான் வீட்டில் முதலில் தண்ணீர் ஊறும். பாவு நனைந்தால் கஞ்சி கரைந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும், பல நாள் உழைப்பு வீண். 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் 47. அடையாறு கரை புரண்டு வந்தபோது அதன் கரையில் இருந்த அனகாபுத்தூர் எப்படித் தப்பும்?

வெள்ளத்தைத் தடுக்க ஆற்றை மீட்கிறோம் என்று 2025 மே மாதம் இங்கே கரையோர வீடுகள் இடிக்கப்பட்டன. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுகுடியமர்த்தல் என்றாலே தொலைவில் ஓர் அடுக்குமாடி என்று நம் அரசுகள் பழகிவிட்டன. மூன்றாம் மாடியில் பள்ளம் தோண்ட முடியாது, பாவு விரிக்கத் தெருவும் கிடையாது. நெசவாளருக்கு வீடு ஒதுக்கும் அதிகாரி அவர் தறிக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். மேட்டு நிலத்தில், நார் உலரவும் பாவு ஓட்டவும் கூரை போட்ட பொதுக்கூடம் ஒன்று போதும். பெரிய செலவல்ல.

அடுத்தது சந்தை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் தாம்பரம் சண்முகம் சாலைக் காய்கறிக் கடைகளில் இன்னும் பிளாஸ்டிக் பை புழங்குகிறது. தாம்பரம் மாநகராட்சி தன் எல்லைக்குள்ளேயே சணலும் வாழைநாரும் நெய்யத் தெரிந்த ஓர் ஊரை வைத்திருக்கிறது. விழாக்களுக்குப் பொன்னாடையும் கூட்டங்களுக்குக் கோப்புப் பையும் வெளியில் வாங்குவதை நிறுத்தி, ஆண்டுக்கு இத்தனை என்று அனகாபுத்தூருக்கு எழுத்தில் கொள்முதல் ஆணை கொடுக்கட்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அதைச் செய்யலாம்.