பறவைகளின் பருவகால இறகுக்கோலம்

பருவகால இறகுக்கோலம் என்பது ஆண், பெண் பறவைகளுக்கிடையே இனப்பெருக்கக் காலத்தில் மிகுந்தும் பிற காலங்களில் குறைந்தும் காணப்படும் தோற்ற வேறுபாடு ஆகும். ஆண் தூக்கணாங்குருவி இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் உச்சந்தலை பெறுகிறது. அது முடிந்ததும் ஏறத்தாழப் பெண்ணைப் போலவே மாறிவிடுகிறது. வளர்ந்து முடிந்த இறகு உயிரற்றது. எனவே பெரும்பாலும் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும்போதே கோலம் மாறும். பல இனங்களில், அந்நாட்களில் குருதியில் உள்ள இயக்குநீர்களே (ஹார்மோன்களே) புதிய இறகின் நிறத்தையும் வடிவத்தையும் முடிவு செய்கின்றன.

இயக்குநீர்களின் பங்கு

ஆணின் பகட்டான கோலத்துக்கு டெஸ்டோஸ்டிரோனே காரணம் என எண்ணுவது இயல்பு. ஆஸ்திரேலியாவின் நீலநிறத் தேவதைச் சிட்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் அது பொருந்தாது. பச்சைத் தலையுடைய ஆண் மல்லார்ட் வாத்தின் விரைகளை அகற்றினாலும் அது பகட்டான கோலத்தை இழப்பதில்லை. மாறாக, சூலகம் அகற்றப்பட்ட பெண் வாத்துக்கு ஆணின் இறகுகள் முளைக்கின்றன. அதாவது வாத்து, கோழி, மயில் ஆகியவற்றில் பகட்டான கோலமே அடிப்படையானது; பெண்ணின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதை அடக்கி மங்கிய நிறத்தைத் தருகிறது. சூலகம் நலிந்த முதிய பெண்மயில்கள் சில, ஆணைப் போல் தோகை பெறுவதும் இதனாலேயே.

ஆண் மல்லார்டும் கோடையில் சில வாரங்கள் மங்கல் கோலம் பூணுகிறது. பறப்பிறகுகள் ஒருசேர உதிர்வதால் அப்போது அதனால் பறக்க இயலாது. எனினும் அதன் மஞ்சள் அலகு அதை ஆண் எனக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆப்பிரிக்காவின் பிஷப் குருவிகளில் நிலைமை வேறு. மூளையடிச் சுரப்பியில் சுரக்கும் லூட்டினாக்க இயக்குநீரை ஊசிவழி செலுத்தினால் பெண்ணுக்கும் கரிய இறகு முளைக்கும். இவ்வியல்பு ஒரு காலத்தில் அவ்வியக்குநீரைக் கண்டறியும் சோதனையாகவே பயன்பட்டது.

மரபணுக்களின் பங்கு

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் நிறப்புரிகளும், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ நிறப்புரிகளும் உள்ளன. நிறத்துக்கான மரபணுக்களிற் பல இருபாலுக்கும் பொதுவானவை. அவை இயங்குவதா அடங்குவதா என்பதிலேயே வேறுபாடு எழுகிறது.

இங்கிலாந்தின் செப்ரைட் கோழியினம் இதற்குத் தெளிவான சான்று. இதன் சேவல், பெட்டையின் இறகுகளையே உடையது. ஆண் இயக்குநீரை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேசு நொதியின் மரபணு, திடீர்மாற்றத்தால் இச்சேவலின் தோலிலும் இயங்குவதே காரணம். விரை நீக்கினால் மாற்றுவதற்கு மூலப்பொருள் இராது. சேவல் இறகுகள் முளைத்துவிடும்.

சிட்டுக்குருவியின் இறகு வேறுபாடோ இனப்பெருக்கச் சுரப்பிகளைச் சார்ந்ததன்று. ஆணின் அலகு கறுப்பதற்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் தேவை. ஒருபாதி ஆணாகவும் மறுபாதி பெண்ணாகவும் அமைந்த அரிய கோழிகளை ஆராய்ந்த எடின்பரோ பல்கலைக்கழக அறிஞர்கள், பறவை உயிரணுக்கள் தமக்கென ஒரு பாலடையாளம் கொண்டவை என 2010இல் காட்டினர். அக்கோழிகளின் இருபாதிகளிலும் ஓடியது ஒரே குருதியே.