மகளுக்கு ஓர் அறை

ஆறேழு வயதைத் தொட்ட மகளுக்கு மழலைப் பருவத்து அறை பொருந்தாமல் போகிறது. சுவரில் ஒட்டிய கரடிப் பொம்மைப் படங்களை அவளே உரிக்கத் தொடங்குகிறாள். அறையை மாற்றியமைக்க முற்படும் பெற்றோர், என்ன வண்ணம் பூசலாம் என்று யோசிக்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்?

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துக் கூறும் உரிமையை அதன் 12-ஆவது பிரிவும், அந்தரங்கத்துக்கான உரிமையை 16-ஆவது பிரிவும் குழந்தைகளுக்கு அளிக்கின்றன. இவ்விரண்டையும் ஒரு சிறுமி பழகிக்கொள்ள ஏற்ற முதல் இடம் அவளது அறைதான்.

பெண் குழந்தை என்றாலே இளஞ்சிவப்பு என்பது இருபதாம் நூற்றாண்டில் வணிகம் வேரூன்றச் செய்த வழக்கம். அவள் விரும்பினால் அதுவே இருக்கட்டும்; பச்சையைக் கேட்டால் பச்சையைப் பூசலாம். வண்ணம், திரைச்சீலை, சுவரில் மாட்டும் படம் ஆகியவை அவள் முடிவு. பாதுகாப்பு பெற்றோரின் பொறுப்பு.

அப்பொறுப்பு வண்ணப்பூச்சிலிருந்தே தொடங்குகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம், வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2016-இல் மத்திய அரசு அறிவித்த விதிகள். வாங்கும்போது டப்பாவின் மீதுள்ள குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளின் சுவர், கதவுகளில் ஈயப்பூச்சு இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத் தூசி பரவும். நனைத்துச் சுரண்டுவதும், பணி முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விலக்கி வைப்பதும் அவசியம்.

குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலிகளை மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் பயன்படுத்தினார். வீட்டுக்கும் அது பொருந்தும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் கால்பலகை போதும். புத்தக அலமாரி அவள் கைக்கு எட்டட்டும். ஆனால், இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவது குழந்தைகளின் இயல்பு என்பதால், அலமாரியைச் சுவரோடு பிணைப்பது கட்டாயம். கட்டிலைச் சன்னலருகே போடலாகாது. கார்ட்டூன் வடிவக் கட்டில் இரண்டே ஆண்டுகளில் சலித்துவிடும். ஆறடி நீளச் சாதாரணக் கட்டில் கல்லூரிக் காலம்வரை உதவும்.

தனி அறைக்கு வழியில்லாத வீடுகளே இங்கு ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஓரறை வீடுகளில் வாழ்பவை. அங்கும் ஒரு திரைச்சீலை, ஒரு விளக்கு, அவள் மட்டுமே திறக்கும் ஒரு பெட்டி ஆகியவற்றுக்கு இடம் காணலாம்.

இடம் இருந்தும் மனம் இல்லாமைதான் வருத்தத்துக்குரியது. படிப்பைக் காரணம் காட்டி மகனுக்கு அறையை ஒதுக்கிவிட்டு, மகளைக் கூடத்தில் படுக்க வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ‘நாளை வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே' என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். பருவமடையும் வயதை நெருங்கும் சிறுமிக்கு உடை மாற்றவும், தனித்திருந்து படிக்கவும், சில நேரம் சும்மா இருக்கவும் ஓர் இடம் தேவை. அதைத் தர மறுப்பது, இந்த வீடு அவளுடையதல்ல என்று சிறுவயதிலேயே உணர்த்துவதாகும்.

எனவே, கடைக்குப் புறப்படும் முன் மகளிடம் கேளுங்கள். அறை தயாரான பின், கதவைத் தட்டிவிட்டு உள்ளே செல்லுங்கள்.