முதலில் ஏணி, பிறகுதான் தண்ணீர்

தீபாவளி நெருங்கினால் வீடுகளில் ஒட்டடைக்கம்பு வெளியே வந்துவிடும். பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்கள் கீழே இறங்கும். மின்விசிறியின் இறக்கைகளில் படிந்த கறுப்பைத் துடைக்க ஆள் தேடுவார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு வாளி சோப்புத் தண்ணீர், தரைக்கு இன்னொரு வாளி. இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே நேரத்தில் நடக்கும். கூடத்தின் ஒரு மூலையில் ஒருவர் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். அதே கூடத்தின் நடுவில் இன்னொருவர் ஏணி போட்டு விசிறி துடைத்துக்கொண்டிருப்பார். விபத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு தேவையில்லை.

தடுக்கி விழுவதையும் வழுக்கி விழுவதையும் யாரும் பெரிய ஆபத்தாக நினைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு வேறு மாதிரி சொல்கிறது. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இந்தக் கணக்கில் ஏணி ஒரு பகுதிதான் என்றாலும், வீட்டுக்குள் ஒரு மனிதர் தானாக முன்வந்து ஆறடி உயரத்தில் போய் நிற்கும் சந்தர்ப்பம் அநேகமாக ஏணியில் மட்டுமே வருகிறது.

புகழும் வசதியும் உள்ளவர்களும் இதற்கு விலக்கில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் 1998-ல் தன் வீட்டு நூலகத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். விலா எலும்பு முறிந்ததால் குழுவின் ஐரோப்பியச் சுற்றுப்பயணமே தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு மார்ச்சில், பிரிட்டனின் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர் ராட் ஹல் தன் வீட்டுக் கூரையில் ஆன்டெனாவைச் சரிசெய்யப் போய் விழுந்து உயிரிழந்தார். இரண்டுமே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வீட்டு வேலைகள்.

ஆறடி உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொட 0.6 வினாடிதான் ஆகும். அப்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று மூளை முடிவெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மேலே போகப் போக வழுக்கும்

சுவரில் சாத்திய ஏணியில் முதல் இரண்டு படி ஏறியதும் பலர் ஒரு முறை குதித்துப் பார்ப்பார்கள். ஏணி அசையாது. "கெட்டியாத்தான் நிக்குது" என்ற நம்பிக்கையோடு மேலே போவார்கள். அந்தச் சோதனையை நம்ப முடியாது என்பதை எளிய கணக்கே காட்டிவிடும்.

சுவரில் ஏணி தொடும் இடம் எட்டடி உயரத்தில் இருக்கிறது, ஏணியின் அடி சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைத்தான் உலகெங்கும் பாதுகாப்பு விதிகள் பரிந்துரைக்கின்றன. 70 கிலோ எடையுள்ளவர் உச்சியில் நிற்கும்போது, அவர் எடையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 17 கிலோ அளவுக்கு ஒரு விசை ஏணியின் அடியை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அவரே ஏணியின் கால்வாசி உயரத்தில் நிற்கும்போது அந்த விசை நாலு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கீழ்ப்படியில் அசையாத ஏணி மேல்படியில் சறுக்குவதன் காரணம் இதுதான். அடியை இரண்டடிக்குப் பதிலாக நாலடி தள்ளி வைத்தால், உச்சியில் அதே ஆள் நிற்க, தள்ளும் விசை 35 கிலோவையும் தாண்டிவிடும்.

இந்த விசையை எதிர்த்து நிற்பது ஒன்றே ஒன்று: ஏணியின் காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. உலர்ந்த தரையில் நல்ல ரப்பர் கால் அதைத் தாராளமாகத் தாங்கும். இடையில் ஒரு மெல்லிய சோப்புப் படலம் வந்துவிட்டால் ரப்பர் தரையைத் தொடவே தொடாது. படலத்தின் மேல் மிதக்கும்.

பளபளக்கும் தரைகள்

இன்றைய வீடுகளில் பரவலாக இருப்பது விட்ரிஃபைட் டைல்ஸ். இது தண்ணீரை உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. கறை பிடிக்காது என்று கடையில் சொல்லி விற்கப்படும் அதே குணம்தான் இங்கே வம்பாகிறது. சிந்திய தண்ணீர் உள்ளே போகாமல் அப்படியே மேலே நிற்கும். மெருகேற்றிய கிரானைட்டும் மார்பிளும் இதே ரகம். பழைய வீடுகளின் மொசைக், ரெட் ஆக்சைடு தரைகளும் ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து வழவழப்பாகி இருக்கும்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஒட்டடை அடிக்கும்போது உதிரும் தூசியும், சுவரிலிருந்து கொட்டும் சுண்ணாம்புத் தூளும் ஏணிக்காலுக்கு அடியில் நுணுக்கமான உருளைகளாக வேலை செய்யும். கேரம் போர்டில் தூவும் பவுடர் என்ன செய்கிறதோ அதையே இவையும் செய்கின்றன.

டைல்ஸில் கீறல் விழக்கூடாது என்று ஏணிக்கு அடியில் சாக்கையோ பழைய துணியையோ மடித்துப் போடுவது பல வீடுகளில் வழக்கம். இது கைவிட வேண்டிய பழக்கம். ஏணி சாக்கைப் பிடித்துக்கொள்ளும். சாக்கு டைல்ஸைப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்து ஒன்றாக நழுவும். கால்மிதிக்கும் இதே கதிதான்.

ஏணியைப் படுக்க வைத்து அதன் காலைத் திருப்பிப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். புதிய ரப்பர் புஷ்ஷில் வரிவரியான பள்ளங்கள் இருக்கும். நாலைந்து வருடம் உழைத்த புஷ்ஷில் அந்த வரிகள் மழுங்கி, நடுவில் மணல் துகள்கள் பதிந்து, பழைய பெயின்ட் காய்ந்து தோலாகியிருக்கும். ஒரு மூலையில் ரப்பர் கிழிந்து உள்ளேயிருக்கும் அலுமினியம் வெளியே பளிச்சிடும். அந்த மூலைதான் தரையைத் தொடுகிறது என்றால், நிற்பது வெறும் உலோகம், பிடிமானம் இல்லை. அளவு சொல்லிக் கேட்டால் ஹார்டுவேர் கடைகளில் மாற்று புஷ் கிடைக்கும். ஏணியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

வேலையின் வரிசை

இதற்கெல்லாம் மூலமாக இருப்பது வேலை நடக்கும் வரிசை. வீட்டைச் சுத்தம் செய்வது என்றாலே தரை ஈரமாகும். ஆகவே ஏணியில் ஏற வேண்டிய வேலைகள் அனைத்தையும் தண்ணீர் வாளி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டடை, விசிறி, பரண், திரைச்சீலைக் கம்பி, டியூப் லைட் என மேல்வேலைகள் முதல் நாள். தரையும் சுவரின் கீழ்ப்பகுதியும் மறுநாள். ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்றால் காலையில் ஏணி, பிற்பகலில் தண்ணீர். மேலிருந்து கீழே என்ற வரிசை தூசிக்கும் நல்லது. துடைத்த தரையில் மறுபடி ஒட்டடை விழாது.

மேலே ஈரத்துணி தேவைப்படும் வேலைகளும் உண்டு. அப்போது வாளியை ஏணியில் மாட்டாமல், நன்றாகப் பிழிந்த துணியைக் கீழிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்கலாம். ஏணியின் படியில் சொட்டும் தண்ணீரும் தரையில் சொட்டும் தண்ணீர் அளவுக்கே ஆபத்தானது. இறங்கும் கால் அதில்தான் வைக்கப்படும்.

ஏறாமலே முடிக்கக்கூடிய வேலைக்கு ஏற வேண்டியதே இல்லை. நீளக் கம்பில் பொருத்தும் ஒட்டடைத் துடைப்பமும், விசிறி இறக்கையை இருபுறமும் கவ்வித் துடைக்கும் வளைந்த பிரஷ்ஷும் தரையில் நின்றபடியே பாதி வேலையை முடித்துவிடும்.

போடும் முறை, நிற்கும் முறை

சாத்தும் ஏணியின் சாய்வைச் சரிபார்க்க அளவுநாடா வேண்டாம். கால்விரல்கள் ஏணியின் அடியைத் தொடும்படி நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் தோள் மட்டத்தில் நேராக நீட்ட வேண்டும். உள்ளங்கைகள் படியைத் தொட்டால் சாய்வு ஏறக்குறைய சரி. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், இந்தச் சாய்வை அளந்து சொல்ல 2013-ல் ஒரு கைபேசிச் செயலியையே வெளியிட்டது. இந்தியாவிலும் ஏணிகளின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 3696 என்ற தரக் குறியீட்டின் இரண்டாம் பகுதி இருக்கிறது.

வீட்டுக்குள் அதிகம் புழங்குவது மடக்கு ஏணி. அதை முழுமையாக விரித்து, நடுவில் உள்ள தாங்குப் பட்டைகள் இரண்டும் விறைப்பாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். இடம் போதவில்லை என்று அதை மடக்கியபடியே சுவரில் சாத்தி ஏறுவது ஆபத்து. அதன் கால்கள் விரித்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. சாத்தும்போது ரப்பரின் ஓரம் மட்டுமே தரையில் படும். உச்சித் தட்டில் நிற்பதும் கூடாது, அது சாமான் வைக்கும் இடம். பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் முக்காலி, முக்காலியின் மேல் ஆள் என்ற கோபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேலே போன பிறகு தொப்புள் ஒரு நல்ல அளவுகோல். அது ஏணியின் இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே இருக்கும்வரை எடை நடுவில் இருக்கும். இன்னும் ஒரு சாண் எட்டினால் அந்த மூலை ஒட்டடையும் போய்விடும் என்று உடலை வளைத்து எட்டும் நொடியில்தான் ஏணி ஒரு காலில் நிற்கத் தொடங்குகிறது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற ஒரு நிமிடம்தான் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கை ஒரு கால், அல்லது இரு கால் ஒரு கை என மூன்று உறுப்புகள் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும்.

"கொஞ்சம் புடிச்சுக்கம்மா" என்று வேலைக்கு வந்தவர் கேட்க, வீட்டுக்காரம்மா ஒரு கையால் ஏணியையும் மறுகையால் செல்போனையும் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கும் காணும் காட்சி. வழுக்கத் தொடங்கிய ஏணியை அப்படிப் பிடித்து நிறுத்த முடியாது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ., அடியில் ஆள் நிற்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. அதற்கு முன் ஏணியின் மேல்பகுதியைக் கட்டி வைப்பது, நழுவாமல் தடுக்கும் கருவியைப் பொருத்துவது, அடியை எதிலாவது முட்டுக்கொடுத்து நிறுத்துவது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேலை என்றால் ஏணியே வேண்டாம், வேறு சாதனம் பாருங்கள் என்பதும் அதன் ஆலோசனை.

மழை, பாசி, மொட்டைமாடி

தீபாவளிச் சுத்தம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவது தமிழ்நாட்டுக்கே உரிய கூடுதல் சிக்கல். அந்த நாட்களில் மொட்டைமாடியிலும் கொல்லைப்புறத்திலும் பாசி படர்ந்திருக்கும். காய்ந்த பாசி கண்ணுக்குத் தெரியாது. ஒரு தூறல் விழுந்ததும் வழுக்கும். ஏணி வைக்கும் இடத்தை மட்டுமாவது தேய்த்து எடுத்து, உலரவிட்ட பிறகே வைக்க வேண்டும். மண்தரை என்றால் ஒரு கால் மட்டும் புதையும். அகலமான பலகை ஒன்றைத் தரையில் சமமாகப் பதித்து அதன் மேல் நிறுத்தலாம். ஒரு காலுக்கு மட்டும் செங்கல் வைத்துச் சரிக்கட்டுவது கூடாது.

தண்ணீர்த் தொட்டி கழுவும்போது இன்னும் கவனம் வேண்டும். உருண்டையான பிளாஸ்டிக் தொட்டியில் சாத்திய ஏணி அடியில் மட்டுமல்ல, மேலேயும் பக்கவாட்டில் உருண்டு நழுவும். அதைக் கயிற்றால் கட்டாமல் ஏறவே கூடாது.

ஈரமும் மின்சாரமும் சேரும் இடத்தில் அலுமினிய ஏணி இரட்டை அபாயம். விசிறி, விளக்கு வேலைக்கு ரெகுலேட்டரை நிறுத்தினால் போதாது. மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே மின்கம்பி செல்லும் பக்கம் அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

யார் ஏறுவது?

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், அண்ணாந்து பார்த்தால் தலைசுற்றுபவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது. தரையைத் தொடும் சேலை, லுங்கி, நாடா தேய்ந்த ரப்பர் செருப்பு, சோப்பு ஒட்டிய வெறுங்கால் எதுவும் ஏணிக்கு ஆகாது. கூலிக்கு வருபவரை ஏற்றும்போதும் இந்தக் கணக்கு மாறாது. தங்கள் வீட்டுப் பிள்ளையை ஏறவிடாத ஏணியில், வேலைக்கு வந்த அக்காவை ஏறச் சொல்வதில் நியாயமில்லை.

யாராவது விழுந்துவிட்டால் உடனே தூக்கி உட்காரவைப்பதும் தண்ணீர் கொடுப்பதும் நம் கை பழகிய செயல்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அதுவே கேடாகும். கழுத்து, முதுகு வலி இருந்தாலோ கால் மரத்துப்போனாலோ அசைக்காமல் படுத்திருக்கவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும், பிறகு வாந்தி, அதிகத் தூக்கம், குழறும் பேச்சு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது.

அடுத்த முறை வீட்டைச் சுத்தம் செய்ய நாள் குறிக்கும்போது, முந்தின நாளே ஏணியைப் படுக்கவைத்து அதன் நாலு கால்களையும் திருப்பிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மேல்வேலை முடிந்து ஏணி தன் இடத்துக்குத் திரும்பும்வரை தண்ணீர் வாளியைத் தொடவேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.