பிள்ளையின் இங்கிலீஷ் பாடமும் நம்ம வீட்டுப் பேச்சும்



பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சோடு இன்னொரு பேச்சும் வரும். "எல்லாப் பாடமும் படிச்சிடுறா அக்கா, இந்த இங்கிலீஷ்தான் வர மாட்டேங்குது" என்பார் ஒருவர். "நமக்கே தெரியாது, நாம எங்க சொல்லிக் குடுக்க?" என்பார் இன்னொருவர். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

விஷயம் அத்தோடு முடிவதில்லை. ஆங்கிலத்தில் 35 மதிப்பெண் வராமல் போனால் ஆண் பிள்ளையை டுடோரியலுக்கு அனுப்புகிற வீடு, பெண் பிள்ளையை "போதும், வீட்டுல இரு" என்று நிறுத்திவிடுகிறது. அப்புறம் மில் வேலை, அப்புறம் அவசரக் கல்யாணம். ஒரு பாடத்தால் ஒரு பெண்ணின் வழியே மாறிப்போகிறது. ஆகவே இந்த இதழில் பரீட்சைக்கு வேண்டிய சில ஆங்கிலப் பாடங்களை நாம் சேர்ந்து பார்ப்போம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத தாயும் இதில் பிள்ளைக்கு உதவ முடியும். ஏனென்றால் பாதி விஷயம் நாம் தினமும் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது.

பாட்டில் வரும் அணிகள்

ஆங்கிலப் பாட்டுப் பாடத்தில் ஒரு வரியைக் கொடுத்து, "இதில் வரும் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்ன?" என்று கேட்பார்கள். தமிழில் இதற்கு அணி என்று பெயர். தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமையியல் என்று தனி இயல் இருக்கிறது. நமக்குப் புதிய சரக்கு இல்லை.

1. சிமிலி: இது உவமை. "மலை மாதிரி கடன்" என்கிறோமே, அதுதான். நம்ம பேச்சில் 'மாதிரி', 'போல' வரும். ஆங்கிலத்தில் 'லைக்' அல்லது 'ஆஸ்' வரும். "மை சிஸ்டர் இஸ் லைக் எ டைகர்" என்றால் என் அக்கா புலி மாதிரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. 'லைக்' வந்தாலே சிமிலி என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். "ஐ லைக் மேங்கோஸ்" என்றால் எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்று அர்த்தம். அங்கே ஒப்பிடுதல் எதுவும் இல்லை.

2. மெட்டஃபர்: இது உருவகம். 'மாதிரி'யை எடுத்துவிட்டு, "எங்க அக்கா ஒரு புலி" என்று அடித்துச் சொல்வது. "மை சிஸ்டர் இஸ் எ டைகர்." அவ்வளவுதான் வித்தியாசம்.

3. பெர்சானிஃபிகேஷன்: உயிரில்லாத பொருளை மனுஷர் மாதிரி பேசுவது. "கடன் கழுத்தை நெரிக்குது", "வெயில் முதுகுல அறையுது" என்கிறோம். கடனுக்கு ஏது கை? ஆங்கிலப் பாட்டில் காற்று ரகசியம் பேசும், நிலா சிரிக்கும். அதெல்லாம் இந்த வகைதான்.

4. ஹைப்பர்போலி: மிகைப்படுத்திச் சொல்வது. "உனக்கு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்று காலையில் பிள்ளையைத் திட்டுகிறோம் அல்லவா, அதுதான்.

5. ஆனமட்டபியா: பெயர்தான் பயமுறுத்தும். சத்தத்தை அப்படியே சொல்லாக்குவது. மழை சடசடவென்று பெய்தது, தண்ணீர் சலசலவென்று ஓடியது என்கிறோம். ஆங்கிலத்தில் கடிகாரத்துக்கு 'டிக் டிக்', பூனைக்கு 'மியாவ்'.

6. அலிட்டரேஷன்: நம்ம மோனைக்குப் பக்கத்தில் வருவது. "கண்ணன் கடையில் கருப்பட்டி வாங்கினான்" என்பது போல, பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது. "பிக் ப்ரவுன் பேக்" என்பது ஆங்கில உதாரணம். இங்கே எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். கத்திக்கு ஆங்கிலத்தில் 'நைஃப்'. எழுதும்போது முதலில் 'கே' வரும். வாயில் வருவதோ 'ந' ஒலி.

7. ரைம்: வரியின் கடைசியில் ஒலி ஒத்து வருவது. தமிழில் இதை இயைபு என்பார்கள். எதுகை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். எதுகை இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. நாலு வரிகளின் கடைசிச் சொற்கள் 'டே, ஸ்கை, ப்ளே, ஃப்ளை' என்று இருந்தால், முதல் வரியும் மூன்றாம் வரியும் சேரும், இரண்டும் நாலும் சேரும். அதை 'ஏ பி ஏ பி' என்று எழுத வேண்டும். இதற்குப் பெயர் ரைம் ஸ்கீம். 'ப்ளூ', 'ஷூ' இரண்டுக்கும் எழுத்து வேறு, முடிகிற ஒலி ஒன்று. ஆகவே அதுவும் ரைம்தான். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், காது போதும். பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், நாம் கேட்டுச் சொல்லலாம்.

இலக்கணத்தில் எங்கே தடுக்குகிறது?

பிள்ளைகள் தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அங்கேதான் தடுக்குகிறது.

"மணி நாயை அடித்தான்" என்றாலும், "நாயை மணி அடித்தான்" என்றாலும் நமக்கு ஒரே அர்த்தம். 'நாயை' என்பதில் உள்ள 'ஐ' காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த 'ஐ' கிடையாது. இடம்தான் அர்த்தத்தைச் சொல்லும். இடத்தை மாற்றினால் நாய் மணியை அடித்துவிடும்! செய்தவர் முதலில், செயல் நடுவில், செயப்படுபொருள் பிறகு. இந்த வரிசையைப் பிள்ளை மறக்கக் கூடாது.

"சாப்பிட்டேன்" என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுவோம். சாப்பிட்டது யார் என்பது 'ஏன்' என்ற முடிவில் தெரிகிறது. ஆங்கில வினையில் அது தெரியாது. ஆகவே 'ஐ', 'ஹி', 'ஷி' என்று ஆளை முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும்.

நிகழ்காலத்தில் ஒருத்தி என்றால் "ஷி ஈட்ஸ்". பலர் என்றால் "தே ஈட்". "கர்ள்ஸ் ஈட்" என்பதில் பெயரோடு 'எஸ்' சேர்ந்திருக்கிறது, வினையோடு சேரவில்லை. இதை மாற்றிப் போட்டே பல மதிப்பெண் போகிறது.

'எ', 'ஆன்' போடுவதும் ஒலியை வைத்துத்தான். "ஆன் எக்", "ஆன் ஹவர்", ஆனால் "எ யூனிஃபார்ம்". யூனிஃபார்ம் எழுதும்போது 'யு' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும், சொல்லும்போது 'ய' ஒலி வருகிறது.

நம்ம தீர்மானப் புத்தகமே பாடப் புத்தகம்

செயப்பாட்டுவினை என்றால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். நம்ம தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். "கடன் வழங்கப்பட்டது", "தீர்மானம் நிறைவேற்றப்பட்டது" என்று எழுதி வைத்திருக்கிறோமே, எல்லாம் செயப்பாட்டுவினைதான். "ராணி பெய்ட் த லோன்" என்பது செய்வினை. "த லோன் வாஸ் பெய்ட் பை ராணி" என்பது செயப்பாட்டுவினை. கடன் முன்னால் வந்தது, ராணி 'பை' போட்டுப் பின்னால் போனாள், நடுவில் 'வாஸ்' சேர்ந்தது.

நேர்கூற்று, அயற்கூற்றும் அப்படியே. ராணி கூட்டத்தில் "நாளைக்குக் கட்டுறேன்" என்கிறாள். நாம் "மறுநாள் கட்டுவதாக ராணி கூறினார்" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் 'ஐ' என்பது 'ஷி' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும்.

நாம் செய்ய வேண்டியவை

* வாரக் கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். குழுவில் பிளஸ் டூ, டிகிரி படித்த மகளோ மருமகளோ இருந்தால் பொறுப்பைக் கொடுக்கலாம்.
* தினமும் இரவு பிள்ளை ஒரு ஆங்கிலப் பாட்டைச் சத்தமாக வாசிக்கட்டும். "இதுல எதை எதோட ஒப்பிட்டிருக்காங்க கண்ணு? தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். தமிழில் சொல்லிவிட்டால் அதன் ஆங்கிலப் பெயரை எழுதப் பழகுவது சுலபம்.
* வாரத்துக்கு ஒரு இலக்கணம் போதும். நம்ம வீட்டு விஷயத்தை வைத்தே பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். சரியா தப்பா என்பதைப் பள்ளியில் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வரட்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை தவறிவிட்டால் யாரும் ஏச வேண்டாம். முடிவு வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறி, அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். விண்ணப்பிக்கும் தேதியைப் பள்ளியில் கேட்டு, தவறாமல் கட்டணம் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லாத உறுப்பினருக்குக் குழுவின் உள்கடனில் இதற்கு முதலிடம் கொடுப்போம். பரீட்சையில் தவறினாள் என்று 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால், அது சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொல்வோம். கேட்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுவோம்.

கையெழுத்துப் போடத் தெரியாமல் குழுவில் சேர்ந்த நம்மில் எத்தனையோ பேர் இன்று பேங்கில் தாமே படிவம் நிரப்புகிறோம். நமக்கு வந்த எழுத்து நம்ம பிள்ளைகளுக்கு வராமலா போகும்? அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம், சகோதரிகளே!