சிறிய காருக்கும் கணக்கு உண்டு

பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். திண்ணையை விட்டு இறங்கினால் தெரு. ஐப்பசி இறுதியில் விசுவநாத சுவாமியின் தேர் வருவதும் இப்பகுதித் தெருக்களில்தான். தேருக்காக அமைந்த தெருக்களில் இன்று வீட்டு வாசல்தோறும் கார்கள் நிற்கின்றன. கார் நிறுத்தத் தனி இடம் இல்லாத ஊரில் வண்டியின் அகலமும் அது திரும்பும் வட்டமும் அன்றாடக் கவலைகள். சிறிய காரின் அருமை இங்கே நன்கு விளங்கும்.

சென்ற தேர்த் திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் கிளைக்கு வந்தார். கையில் மூன்று கார்களின் விலைப்பட்டியல் இருந்தது. "சார், இதுல எது நல்ல மைலேஜ் குடுக்கும்னு சொல்லுங்கோ. அதுக்கே லோன் போட்டுடலாம்" என்றார். அம்மையாருக்கு முழங்கால் வலி. மாதம் இருமுறை கோயம்புத்தூரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேருந்துப் படி ஏற இயலவில்லை. ஓய்வூதியப் பணப்பயனில் ஒரு பகுதியை முன்பணமாகச் செலுத்தி, எஞ்சிய 4 லட்சத்துக்குக் கடன் பெறுவது அவர் எண்ணம்.

"மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், சார்?" என்று கேட்டேன். அவர் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இருவரும் ஒரு தாளில் எழுதினோம். கோயம்புத்தூர் போய்வர ஏறத்தாழ 110 கிலோமீட்டர், இருமுறைக்கு 220. ஒலவக்கோடு ரயில் நிலையம், கடைவீதி, உறவினர் வீடு என 150. எப்போதேனும் செல்லும் குருவாயூரையும் சேர்த்தால் மாதத்துக்கு 500, ஆண்டுக்கு 6,000. சிறிய கார் வாங்க விரும்பும் எவரும் முதலில் எழுத வேண்டிய எண் இதுதான். மற்ற ஒப்பீடுகள் யாவும் இதன் மேல்தான் நிற்கின்றன.

மைலேஜின் மதிப்பு என்ன?

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசி வரையிலான எஞ்சினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கான வரி, மேல்வரி உட்பட 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது அறிவிக்கப்பட்ட தொடக்க விலைகள், ஷோரூம் நிலையில், தோராயமாக இவை: மாருதி ஆல்டோ கே10 3.70 லட்சம், ரெனோ க்விட் 4.30 லட்சம், டாடா டியாகோ 4.57 லட்சம், மாருதி செலேரியோ 4.70 லட்சம், வேகன் ஆர் 4.99 லட்சம்.

ஆல்டோ கே10 லிட்டருக்கு 24.39 கிலோமீட்டரும், செலேரியோ 25.24 கிலோமீட்டரும் தரும் என்பது கியர் வண்டிகளுக்கான சோதனைக்கூடக் கணக்கு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் எட்டேகால் லிட்டர். லிட்டர் 105 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 870 ரூபாய். தொடக்க விலையில் உள்ள வேறுபாடோ ஒரு லட்சம். செலேரியோவை அதன் இடவசதிக்காக வாங்கலாம். மைலேஜுக்காக மட்டும் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. மேலும், நெரிசலிலும் பாலக்காட்டுக் கோடை வெயிலில் ஏசி இயங்கும்போதும் சோதனைக்கூட எண்ணில் கால் பங்கு குறைந்தால் வியப்பதற்கில்லை.

சிஎன்ஜி வகைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அதற்குக் கூடுதலாக 90,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். நடைமுறையில் பெட்ரோல் லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், கிலோ 88 ரூபாய் விலையுள்ள எரிவாயு கிலோவுக்கு 26 கிலோமீட்டரும் தந்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.45 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இரண்டரை ஆண்டுக்குள் கூடுதல் பணத்தை மீட்டுவிடுவார். 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆசிரியர் சிஎன்ஜி விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தெருவிலும் கணவாயிலும் மலையிலும்

கையாளும் தன்மையைப் பொறுத்தவரை, கல்பாத்தித் தெருவுக்கு ஆல்டோ மிக எளியது. அகலம் 1,490 மில்லிமீட்டர், 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். வேகன் ஆர் 1,620 மில்லிமீட்டர் அகலமும், டியாகோ 1,677 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. ஒரு சாண் அளவுக்கு உள்ள இவ்வேறுபாடு நெடுஞ்சாலையில் புலப்படாது. திண்ணைக்கும் எதிரே வரும் ஆட்டோவுக்கும் இடையே புலப்படும்.

வாளையார் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் சாலையில் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் காற்று பலமாக வீசும். கஞ்சிக்கோட்டைக் கடக்கையில், எடை குறைந்த, உயரமான வண்டிகள் பக்கவாட்டுக் காற்றில் அசைவதை ஓட்டுபவர் உணர்வார். 1,675 மில்லிமீட்டர் உயரமுள்ள வேகன் ஆர் போன்ற வண்டிகளில் வேகத்தைச் சற்றுக் குறைப்பதே அறிவுடைமை. அதே உயரம்தான் முதியோர் குனியாமல் ஏறி இறங்கவும் உதவுகிறது. குறையும் நிறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

நெல்லியாம்பதியின் கொண்டை ஊசி வளைவுகளிலும், உடுமலை, மறையூர் வழியாக இடுக்கி மாவட்டத்து மூணாறுக்கு ஏறும் சாலையிலும் எஞ்சினின் திறன் சோதிக்கப்படுகிறது. ஆல்டோவின் 998 சிசி எஞ்சின் ஏறத்தாழ 67 குதிரைத்திறனும் 89 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். டியாகோவின் 1,199 சிசி எஞ்சின் தருவது 86 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். ஆல்டோவின் எடை ஏறத்தாழ 750 கிலோ. டியாகோ அதைவிட ஏறத்தாழ 200 கிலோ கூடுதல். ஆதலால் ஒருவர் மட்டும் செல்லும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே சுறுசுறுப்புடன் ஓடும். நால்வரும் பெட்டிகளுமாக 300 கிலோ ஏற்றினால், இலகுவான வண்டிக்கு அது தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குச் சுமை. மற்றதற்கு மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. மலைப் பயணம் ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஒரு லிட்டர் எஞ்சினே போதும். கீழ் கியரில் பொறுமையாக ஏறிவிடலாம். மாதந்தோறும் குடும்பத்துடன் மலை ஏறுபவர் 1.2 லிட்டர் எஞ்சினைக் கருதுவது நலம்.

பாதுகாப்பு எனும் செலவினம்

விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றையும் ஒப்பிட வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோ 2020-இல் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. 2023-இல், மேலும் கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி நடந்த சோதனையில், இரண்டு காற்றுப்பைகள் கொண்ட ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் வேகன் ஆர் ஒன்றும் பெற்றன; குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் நட்சத்திரம் இல்லை. 2025-இல் இவ்விரு கார்களின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் இடம்பெற்றன. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் காற்றுப்பைகளின் எண்ணிக்கை வேறு, கூட்டின் உறுதி வேறு. பேரக்குழந்தைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்வோர் இதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். எந்தக் காரிலும் பின்னிருக்கைப் பட்டையை அணிவதற்குச் செலவு ஏதுமில்லை.

கடனின் கணக்கு

ஷோரூம் விலையோடு சாலை வரி, பதிவு, காப்பீடு ஆகியவை சேரும். கேரளத்தில் 5 லட்சம் ரூபாயைக் கடந்தால் சாலை வரி விகிதம் உயர்கிறது. புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் முதலான கட்டணப்படி, 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய், வரி தனி. ஒரு லிட்டர் எஞ்சினுக்கு இங்கும் சிறு சலுகை உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு கடன் காலத்தில் உள்ளது. 9 சதவீத வட்டியில் 4 லட்சம் கடனுக்கு ஐந்தாண்டு மாதத் தவணை சுமார் 8,303 ரூபாய். மொத்த வட்டி 98,200. ஏழாண்டுக்கு நீட்டினால் தவணை 6,436 ஆகக் குறைந்து, வட்டி 1,40,600 ஆக உயர்கிறது. மாதம் 1,867 ரூபாய் இலகுவாவதற்கு 42,400 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறோம். மைலேஜில் ஆண்டுக்கு 870 ரூபாய் தேடியவர் கவனிக்க வேண்டிய தொகை இது. வருமானம் இடம் தந்தால் குறுகிய காலமே சிறந்தது. நீண்ட காலம் தவிர்க்க இயலாதெனில், மாறும் வட்டிக் கடனா என்று கேளுங்கள். சொந்தத் தேவைக்காகத் தனிநபர் பெறும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கையெழுத்திடுமுன் வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையில், கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எண்களில் மூழ்கியிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த அம்மையார், "எனக்கு ஏறி இறங்க முடியற வண்டியா இருந்தா போறும்" என்றார். மூன்று பட்டியல்களிலும் இல்லாத செய்தி அது. இந்தக் கார் வாங்கப்படுவதன் காரணமும் அதுவே. அவரையும் அழைத்துச் சென்று ஒவ்வொரு காரிலும் நான்குமுறை ஏறி இறங்கச் சொல்லுமாறும், விற்பனையாளரின் அனுமதியுடன் மாலை வேளையில் சொந்தத் தெருவிலேயே ஓட்டிப் பார்க்குமாறும் ஆசிரியரிடம் கூறினேன்.

ஒரு வாரம் கழித்து வந்தவர், தம் மனைவி சிரமமின்றி அமர்ந்த பெட்ரோல் காருக்கு ஐந்தாண்டுக் கடன் கேட்டு விண்ணப்பித்தார். தேர் நாட்களில் அந்தப் புதிய கார், மற்ற கார்களைப் போலவே, தெருவை விட்டு விலகி உறவினர் வீட்டு வளாகத்தில் நின்றது. தேர் நிலைக்கு வந்த மறுவாரம் இருவரும் அதில் கோயம்புத்தூர் சென்று திரும்பினர்.